வூலூமூலூத் தூண்களில் இருக்கும் முகங்கள்



பெண்டில் ஹில் சுவரைப் பற்றி ஒரு அறிக்கை எழுதித் தருவதாகப் போன கூட்டத்தில் ஒத்துக்கொண்டிருந்தேன். என்ன நிறம், எவ்வளவு செலவு, எப்ப தொடங்குவது. இந்த மாத ஆசிரியர் பக்கத்தில் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். அறிக்கை பாதியில நிக்குது. அதை எழுத முன்னம் வூலூமூலூவுக்கு ஒருக்காப் போய் அங்க இருக்கிற சுவரோவியங்களைப் பார்த்திட்டு வருவம், ஏதாவது யோசனை கிடைக்கும் எண்டு நாங்கள் ஐந்து பேர் போனோம். யோசனை கிடைச்சது. ஆனா எங்கட திட்டத்துக்கு வசதியான யோசனை இல்லை.

புதிதாக மடல் பெறுகிறவர்களுக்காக: பெண்டில் ஹில் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் தன் பக்கச் சுவரை எங்களுக்குத் தர இணங்கியிருக்கிறார். அதில் இந்த நாட்டில் விசாவுக்காகக் காத்திருக்கும் தமிழ் அகதிகளைப் பற்றி ஓர் ஓவியம் தீட்ட வேண்டும் என்பது தீர்மானம். இரண்டு வருஷமாகச் சேர்த்த 3,800 டொலர் இருக்கிறது. ஆறு கூட்டம் நடந்தது. அதில் நாலு கூட்டம் கார்த்திகைப்பூ வேணுமா வேண்டாமா எண்டதிலேயே போனது. நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது கூட்டக் குறிப்பில் இருக்கிறது, இங்க எழுதேல்ல.

முதலில் ஒரு ஒப்புதல். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா ஓய்வு பெற்றதும் எங்கட வீடு டூங்காபியில இருந்து ஹெலன்ஸ்பர்க்குக்கு மாறினது. கோயிலுக்குக் கிட்ட இருக்க வேணும் எண்டது அம்மாவின்ர நெடுநாள் ஆசை. தனியா வாடகை குடுத்துப் படிக்கக் காசு இல்லாதபடியால் நானும் கூடவே போனேன். உங்களில் பெரும்பாலானோருக்கு ஹெலன்ஸ்பர்க் எண்டால் டெம்பிள் றோட்டும் கோபுரமும் கன்ரீன் மசாலா தோசையும்தான். 1985இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில் அது, நான் பிறக்க முன்னமே. சின்னப் பிள்ளையில இருந்து எத்தனை தரம் போயிருப்பேன் எண்டு கணக்கில்லை. அதே ஊரில் 1888இல் இருந்து மெற்றோபொலிற்றன் எண்ட நிலக்கரிச் சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது எண்டதும், அந்த ஊரே சுரங்கத் தொழிலாளராலதான் ஊரானது எண்டதும் அங்க குடிபோன பிறகுதான் தெரியும். ஒருநாள் காலையில் பேக்கரி வரிசையில செம்மஞ்சள் உடுப்போட, முகம் கழுவியும் கண் விளிம்பில கரி ஒட்டின ஆட்கள் நின்றார்கள். தொழிலாளர் வரலாற்றில் முதுகலை படிக்கிற ஒருத்திக்கு இது கொஞ்சம் வெட்கமான விஷயம்.

அதைவிடப் பெரிய வெட்கம் ரயிலில் இருக்கிறது. எனக்குப் பகுதிநேர வேலை பொண்டாய் ஜங்ஷனில். ஹெலன்ஸ்பர்க்கில ஏறினால் சில ரயில்கள் மாறாமலே அங்க கொண்டுபோய் விடும். மார்ட்டின் பிளேஸ் தாண்டினதும் சுரங்கப்பாதை முடிஞ்சு, ஒரு பாலத்தில அரை நிமிஷம் வெளிச்சத்துக்கு வரும். கீழ ஓட்டுக் கூரைகள், கொடியில காயிற உடுப்புகள். பிறகு கிங்ஸ் குரொஸ், திரும்ப இருட்டு. மூன்று வருஷமா அந்த அரை நிமிஷத்தில போனில சிக்னல் வருதோ எண்டுதான் பார்த்தேன். அந்தப் பாலத்தைத் தாங்குகிற தூண்களிலதான் நாங்கள் பார்க்கப் போன ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலால எத்தனை நூறு தரம் போயிருப்பேன்!

போன ஞாயிறு கிங்ஸ் குரொஸில் இறங்கி, விக்ரோறியா வீதி வழியா நடந்து, படிக்கட்டால கீழ இறங்கினோம். அம்மாவும் வந்தா. "நீங்கள் கூட்டம் கூடிக் கதைக்கிற சாமான் என்னெண்டு நானும் ஒருக்காப் பார்ப்பம்" எண்டு வெளிக்கிட்டவ. கன்ரீன் புளிச்சாதம் ஆறு பொட்டலம் கையில. வூலூமூலூ எண்ட பேரைச் சொல்ல அவவுக்குக் கடைசிவரை வரேல்ல. "மூலூ" எண்டே விட்டிட்டா. உள்ளூர்க்காரர் அதை "லூ" எண்டு சுருக்குகிறார்கள், அதனால அம்மா ஒண்டும் பெரிய பிழை விடேல்ல.

விக்ரோறியா வீதியில் கொஞ்சம் நிண்டோம். இந்த வீதியைக் காக்கப் போராடியவர்களில் ஒருவர் ஜுவானிற்றா நீல்சன். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றை நடத்தியவர். 1975 ஜூலை 4ஆம் தேதி காணாமல் போனார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. "காணாமல் போனவை இஞ்சையும் இருக்கினமோ?" எண்டு அம்மா கேட்டா. எங்களில ஒருத்தருக்கும் பதில் வரேல்ல, படி இறங்கினோம்.

ஓவியங்களைப் பற்றிச் சொல்கிறேன். இது கடிகல் மக்களின் நிலம். பிறகு துறைமுகக் கூலிகளின் ஊர். 1982 முதல் 1984 வரை மெறிலின் ஃபெயர்ஸ்கை, மிஹீல் டொல்க் என்ற இரண்டு ஓவியர்கள் இந்த ரயில்பாலத் தூண்களுக்காக 16 ஓவியங்கள் தீட்டினார்கள். இப்ப மிஞ்சியிருப்பவை 8. ஆளைவிடப் பல மடங்கு உயரம். துறைமுகத் தொழிலாளர், கூட்டம் கூடி நிற்கும் குடியிருப்பாளர், கட்டடத் தொழிலாளர். பழைய புகைப்படங்களை வெட்டி ஒட்டினமாதிரி ஒன்றுக்குள் ஒன்று. நான் எதிர்பார்த்துப் போனது உயர்த்தின முட்டியும் சிவப்புச் சூரியனும். இருந்தது முகங்கள். 'தொழிலாளி' என்ற பொது ஆள் இல்லை. மூக்கு வளைஞ்ச, தலைமயிர் கொட்டின, கண்ணாடி போட்ட, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் இன்னார் எண்டு சொல்லக்கூடிய முகங்கள்.

அம்மா ஒரு தூணுக்கு முன்னால நெடுநேரம் நிண்டா. "இதில இருக்கிறவை உண்மையான ஆக்களோ, சும்மா கீறினதோ?"

"உண்மையான ஆக்கள்தான் அம்மா. இந்த ஊர்க்காரர்."

"இப்ப எங்க அவை?"

பாதிப் பேர் உயிரோட இருக்க மாட்டினம் எண்டேன். பிறகு தூணுக்குப் பின்னால, ஒழுங்கைக்கு அங்கால இருந்த வீடுகளைக் காட்டினேன். அங்கதான் முழுக் கதையும் இருக்கிறது.

1960களின் கடைசியில் இந்த ஊரை இடித்து உயரமான அலுவலகக் கோபுரங்கள் கட்டுவதற்குத் திட்டம் போட்டார்கள். சிட்னி நடுநகருக்கு நடந்து போகிற தூரத்தில் கூலிக்காரர் இருக்கிறது காணி வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை. 1973இல் குடியிருப்பாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் நியூ சவுத் வேல்ஸ் கட்டடத் தொழிலாளர் சங்கம், எல்லாருக்கும் தெரிந்த பேரில் சொன்னால் பி.எல்.எஃப், இங்கே பசுமைத் தடை போட்டது. தங்கள் உறுப்பினர் ஒருவரும் இந்த இடத்தில் ஒரு செங்கல்லைக்கூட இடிக்க மாட்டார்கள், கட்டவும் மாட்டார்கள் என்பதுதான் தடை. ஜாக் மண்டி, ஜோ ஓவன்ஸ், பொப் பிறிங்கிள் ஆகிய மூவரும் அந்தக் காலத் தலைமை. 1971இல் ஹன்டர்ஸ் ஹில்லில் கெல்லிஸ் புஷ் என்ற ஒரு சின்னப் பற்றைக்காட்டுக்காகத் தொடங்கிய இந்த முறை, நாலு வருஷத்துக்குள் 40க்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவியது. ரெட்ஃபேர்னில் பழங்குடி மக்கள் தங்கள் வீடுகளைத் தக்கவைத்துக்கொண்டதிலும் இந்தச் சங்கத்துக்குப் பங்கு இருக்கிறது. தன்பால் ஈர்ப்பு உள்ள ஒரு மாணவரை விடுதியில் இருந்து நீக்கினதுக்காக 1973இல் மக்குவாறி பல்கலைக்கழகத்தில வேலையை நிறுத்தினதும் இவர்கள்தான்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு விதி இருந்தது. நாங்கள் அதைப் பல தரம் வாசித்திருக்கிறோம், ஒருநாளும் எங்களுக்குப் பொருத்திப் பார்க்கேல்ல. அந்த இடத்து மக்கள் கூடிக் கேட்காமல் தடை போடுவதில்லை. மண்டிக்கு ஒரு பூங்கா பிடிச்சிருக்கு எண்டதுக்காகத் தடை வராது. பொதுக்கூட்டம் நடக்க வேணும், குடியிருக்கிற சனம் வந்து கேட்க வேணும், பிறகுதான் சங்கம் தீர்மானிக்கும்.

1975இல் மத்திய அரசும் மாநில அரசும் மாநகரசபையும் வூலூமூலூ பற்றி ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. மத்திய அரசில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அமைச்சர் டொம் யூறென். கோபுரங்கள் கைவிடப்பட்டன. பழைய வீடுகளைத் திருத்தியும், இடையில் புதுசு கட்டியும் பெரும்பகுதி பொது வீடமைப்பாக ஆனது. அதே வருஷம் அந்தச் சங்கத்தின் மாநிலக் கிளையை அதன் அகில நாட்டுத் தலைமை, முதலாளிகளின் ஆதரவோடு, கைப்பற்றி மண்டியையும் தோழர்களையும் வெளியே போட்டது. சங்கம் தோற்றது, வீடுகள் வென்றன. இதை நாங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகக்கூடாது, ஆனா அது இன்னொரு மடலுக்கான கதை.

ஆண்டுகளைப் பாருங்கோ. தடை 1973. உடன்படிக்கை 1975. பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கினது 1979. ஓவியம் தொடங்கினது 1982. வீடு நிலைச்சு ஏழு வருஷத்துக்குப் பிறகுதான் தூணில முகம் ஏறியிருக்கிறது.

வீட்டுக்காரர் இல்லாமல் கட்டடம் மட்டும் தப்பினால் என்ன ஆகும் எண்டு பார்க்க அங்கயிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் போதும். குடாவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஃபிங்கர் வார்ஃப், 1911 முதல் 1915 வரை கட்டப்பட்ட மரத்துறை. போருக்குப் போன படையினரும் கப்பலில் வந்த குடியேறிகளும் அதில்தான் ஏறி இறங்கினார்கள். அதை இடிக்க வெளிக்கிட்டபோது 1991இல் அதற்கும் பசுமைத் தடை வந்தது, கட்டடம் தப்பியது. இப்ப அது ஹோட்டலும் உணவகங்களும் கோடீஸ்வரர் குடியிருப்பும். கீழ உல்லாசப் படகுகள். ஒரு உணவகத்தின் விலைப்பட்டியலை அம்மா எட்டிப் பார்த்திட்டு "மீன் இந்த விலையோ?" எண்டா. அம்மா மயிலிட்டிக்காரி. மீன் விலை விஷயத்தில அவவை ஏமாத்த ஏலாது. மயிலிட்டி இலங்கையின்ர பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒண்டாக இருந்தது எண்டு எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பா!

இன்னொரு உதாரணம் த ரொக்ஸில், ஹார்பர் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சீரியஸ் கட்டடம். அந்த இடத்தில் நடந்த பசுமைத் தடையின் விளைவாக, அங்கத்தைய சனத்தை அங்கேயே இருத்தக் கட்டிய 79 பொது வீடுகள். 2014இல் மாநில அரசு மில்லேர்ஸ் பொயின்ற், த ரொக்ஸ் பகுதிகளில் இருந்த 293 பொது வீடுகளை விற்கப்போவதாக அறிவித்தது. முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேற்றப்பட்டார்கள். சீரியஸ் 2019இல் 150 மில்லியன் டொலருக்குப் போனது. கட்டடத்தை இடிக்கவில்லை, அழகாக்கினார்கள். துறைமுகத் தொழிலாளர் தங்கள் சங்கத்தின் உணவறைச் சுவரில் 1953 முதல் 1965 வரை, வேலை இடைவேளைகளில் தாங்களே சேர்ந்து தீட்டிய ஒரு பெரிய ஓவியமும் இப்படித்தான். சுவரைக் காப்பாற்றிக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம், போய்ப் பாருங்கோ. ஆனா அதுக்கு முன்னால இருந்து சாப்பிடுகிற கூலிக்காரர் இல்லை.

சென்னையில் கண்ணகி நகருக்குப் போன தோழர்கள் இதன் இன்னொரு முகத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றங்கரைகளில் இருந்தும் நடுநகரில் இருந்தும் 2000 அளவில் தொடங்கி அப்புறப்படுத்தப்பட்ட சனத்துக்கு, நகரத்துக்கு வெளியே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2020இல் அந்தத் தொகுதிச் சுவர்களில் பிரமாண்டமான, உண்மையாகவே அழகான ஓவியங்கள். அங்க இருக்கிற பிள்ளைகளுக்கு அதில பெருமை இருக்கு எண்டு சொல்லுகினம், அதை நாங்கள் தூரத்தில இருந்து நக்கலடிக்கக்கூடாது. ஆனா பழைய இடத்தில இருந்து ஏன் எடுத்தார்கள் என்ற கேள்வி அந்தச் சுவர்களில் இருப்பதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் கதைத்துக்கொண்டே பாலத்துக்குக் கீழ ஒரு திட்டில இருந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். தலைக்கு மேல ரயில் போனது. தள்ளுவண்டியோட வந்த ஒரு வயசான வெள்ளைக்காரப் பெண் எங்களைப் பார்த்து, ஓவியம் பார்க்கவா வந்தீர்கள் எண்டு கேட்டா. ஓம் எண்டோம். "அதை எல்லாரும் பார்க்கினம். என்ர குளியலறைக் கூரை ஒழுகிறதை ஒருத்தரும் வந்து பார்க்கினமில்லை" எண்டு சொல்லிப்போட்டு, சிரிச்சுக்கொண்டு, எதிரே இருந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனா. இவ்வளவு போராட்டத்துக்குப் பிறகும் கூரை ஒழுகுது. அது சரி. ஆனா முறைப்பாடு சொல்ல அவவுக்கு அங்க ஒரு கூரை இருக்கு.

அப்பதான் அம்மா கேட்டா, உங்கட சுவரில என்ன கீறப் போறியள் எண்டு. போனில் இருந்த மாதிரிப்படத்தைக் காட்டினோம். உங்களுக்கும் போன மாதம் அனுப்பியிருந்தோமே, அதுதான். படகு, முள்ளுக்கம்பி, கறுப்பு நிழல்களாக ஏழு பேர். அம்மா அதையும் பார்த்தா, தூணையும் பார்த்தா.

"ஏன் பிள்ளை, எங்கட ஆக்களுக்கு மட்டும் முகம் இல்லை?"

இதுக்குப் பதில் உங்களில் சிலருக்குத் தெரியும். முதல் மாதிரிப்படத்தில முகங்கள் இருந்தன. எங்கட கூட்டங்களுக்கு ஒழுங்காக வருகிற ஒரு தோழர், தன்ர முகம் வேண்டாம் எண்டு தனியாகச் செய்தி அனுப்பினார். பிறகு இன்னொருவரும். அவர் 2012இல் படகில் வந்தவர். 'துரித நடைமுறை' எண்டு பேர் வைத்த, ஒரு துரிதமும் இல்லாத அந்த முறையில் நிராகரிக்கப்பட்டவர். 2023 பெப்ரவரியில் தொழிற்கட்சி அரசு தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தபோது, நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை வெளியில விட்டது. அவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இடைக்கால விசாவைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தபடி இருக்கிறார். ஊரில தாய் இருக்கிறா. பெண்டில் ஹில் சுவரில முகம் ஏறினால் ஊரில யார் கதவைத் தட்டுவான் எண்டு அவருக்குத் தெரியாது, இங்க எந்த அதிகாரி கோப்பைத் திறப்பான் எண்டும் தெரியாது.

நாங்கள் என்ன செய்தோம்? ஓம் தோழர், விளங்குது எண்டு சொல்லி, முகத்தை அழிச்சு நிழலாக்கினோம். 'அடையாளமற்ற அகதி' எண்டு அதுக்கு ஒரு விளக்கமும் எழுதினோம். அந்த விளக்கத்தை எழுதினது நான்தான். இப்ப வாசிக்க எரிச்சலா இருக்கு. அவர் முகத்தைக் காட்டேலாமல் இருக்கிறதுதான் பிரச்சினை. நாங்கள் அதை ஒரு கலைப்பாணியாக்கினோம்.

அதே கிழமைதான் அவருடைய வாடகை வீட்டு முகவர் வாடகையைக் கூட்டி அறிவித்தல் அனுப்பினார். பன்னிரண்டு மாதத்துக்குள்ள இரண்டாவது தரம். எங்கட குழுச் செய்தியில அவர் அதையும் போட்டிருந்தார். மேல தேடிப் பாருங்கோ. அதுக்குக் கீழ அடுத்தடுத்து வந்த செய்திகள் சிவப்பு எந்தச் சிவப்பு எண்டது பற்றி. வாடகை பற்றிக் கேட்டது ஒரே ஒருவர், அதுவும் இரண்டு நாள் கழிச்சு.

நியூ சவுத் வேல்ஸில் இப்ப வருஷத்துக்கு ஒரு தரத்துக்கு மேல வாடகை கூட்ட ஏலாது. காரணம் சொல்லாமல் வீட்டை விட்டு எழுப்புவது 2025 மே 19இல் இருந்து முடிஞ்சு போச்சு. விற்கிறன், திருத்துகிறன், நானே குடிவாறன் எண்டு சட்டம் ஏற்கிற காரணம் ஒண்டு காட்ட வேணும். வாடகை அநியாயம் எண்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவருக்கு வந்த அந்த இரண்டாவது அறிவித்தல் சட்டப்படி செல்லாது. அதை அவருக்குச் சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும், இடைக்கால விசாவில் இருக்கிற ஒருவர் தனியாகப் போய்த் தீர்ப்பாயத்தில் நிற்பாரா? கூட ஆறு பேர் போனால் நிற்கலாம். பி.எல்.எஃப் கூட்டங்களில் குடியேறித் தொழிலாளருக்காக மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். எங்களில் இரண்டு மொழியும் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறோம்?

மெல்பேர்ண் தோழர்கள் இதை வாசித்துவிட்டு என்ன சொல்வார்கள் எண்டு தெரியும். ரயிலில் வரும்போதே ஒருவரோட தொலைபேசியில் கதைத்தேன். படம்தான் சனத்தைக் கூட்டும், எல்லாம் வென்ற பிறகுதான் கீறுவது எண்டால் ஒருநாளும் கீற மாட்டம் எண்டது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் வீதியோரம் குந்தியபோது ஒன்றும் வென்றிருக்கவில்லை. முதல் நாளில் இருந்தே படங்கள்தான் அவர்களுடைய சுவர். ஆனா அந்தப் படங்களைக் கொண்டுவந்தது தாய்மார். எந்தப் படம், எந்த வயசு, எந்தச் சட்டை எண்டு தீர்மானித்ததும் அவர்கள். யாழ் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவோடு இரவாக இடித்தார்கள். சில மாதத்துக்குள் அது திரும்ப எழும்பினதுக்குக் காரணம், வாசலில் உண்ணாவிரதம் இருக்க மாணவர்கள் அங்கேயே இருந்தது. பெண்டில் ஹில் சுவரில் ஒருநாள் இரவு யாராவது வெள்ளை அடித்தால் வாசலில் யார் நிற்பது? எங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் குடியிருக்கவே இல்லை. நான் ஹெலன்ஸ்பர்க்கில இருந்து வந்து சேர ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல பிடிக்கும்.

சுவர் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் தூரிகையும் போய்ச்சேரும் எண்டதையும் பார்த்திருக்கிறோம். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச வென்ற கையோடு இலங்கை முழுக்க இளைஞர்கள் மதில்களில் படம் தீட்டத் தொடங்கினார்கள். உற்சாகமான பிள்ளைகள்தான், நல்ல படங்களும் இருந்தன. பல இடங்களில் படையினரைப் போற்றும் படங்கள். அம்மா அதை அப்ப முகநூலில பார்த்திட்டுப் பேசாமல் இருந்தவ. போன ஞாயிறு, திரும்பி வரேக்க, ரயிலில சொன்னா. 1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு ஓடி, 2017இல் துறைமுகப் பக்கம் விட்டதுக்குப் பிறகு அடுத்த வருஷம் போய்ப் பார்த்தவ. அம்மப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில வேலை செய்து, அந்தச் சீமெந்திலேயே கட்டின வீடு. வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை எது எண்டும் தெரியேல்ல. கிணறு எந்த இடத்தில இருந்தது எண்டு அவவும் மாமாவும் நிண்டு சண்டை பிடிச்சினமாம்.

"எங்கட ஊரில சுவரே இல்லை பிள்ளை. பிறகு எதில கீறுறது?"

ரயில் சுரங்கத்துக்குள்ள போகேக்க சொன்னா. ஹெலன்ஸ்பர்க் வரைக்கும் பிறகு இரண்டு பேரும் கதைக்கேல்ல.

ஆகவே என் கருத்து இது. இது ஆசிரியர் பக்கம், தீர்மானம் இல்லை. சுவரைக் கைவிட வேண்டாம். கடைக்காரரிடம் போய் ஒரு வருஷத் தவணை கேட்போம், அவர் நல்ல மனுசன், தருவார். 3,800 டொலரில் பெயின்ற் வாங்குவதை நிறுத்தி வைத்து, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பெண்டில் ஹில்லில் ஒரு மேசை போடுவோம். வாடகை அறிவித்தல், விசாக் கடிதம், வேலையிடத்துப் பிரச்சினை, எதைக் கொண்டு வந்தாலும் இருந்து வாசித்து, தேவையெண்டால் கூடப்போவோம். சட்டம் தெரிந்தவர் எங்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள், குடியிருப்பாளர் ஆலோசனைச் சேவைகளோடும் தொடர்பு எடுக்கலாம். அந்த மேசைக்கு வருகிற சனத்திடம் கேட்போம், அந்தச் சுவரில் என்ன வேணும் எண்டு. ஒருவேளை அவை கார்த்திகைப்பூ எண்டு சொல்லலாம். ஒருவேளை சுவரே வேண்டாம், காசை வழக்கறிஞருக்குக் குடுங்கோ எண்டு சொல்லலாம். அப்படிச் சொன்னால் குடுக்கவும் வேணும், அதுக்கு நாங்கள் தயாரோ எண்டதையும் கூட்டத்தில கதைக்க வேணும்.

அந்தத் தோழரிடம் இந்த மடலை அனுப்ப முன் காட்டினேன். தன்னைப் பற்றி எழுதினதில இரண்டு இடத்தில மாற்றச் சொன்னார், மாற்றினேன். வாடகை விஷயமா முகவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. வருகிற வியாழக்கிழமை மூன்று பேர் அவரோட முகவரின் அலுவலகத்துக்குப் போகிறோம். நாலாவது ஆள் வந்தால் நல்லம்.

அடுத்த கூட்டம் இந்த மாதம் மூன்றாம் ஞாயிறு காலை 11 மணிக்கு, ஹெலன்ஸ்பர்க்கில் எங்கட வீட்டில். மேசையா சுவரா என்பது மட்டும்தான் பேசுபொருள். ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷனில் இருந்து கூப்பிடுங்கோ, அப்பா காரோட வருவார். மத்தியானச் சாப்பாடு அம்மா. மரக்கறிக்காரர் எத்தனை பேர், மீன் சாப்பிடுகிறவை எத்தனை பேர் எண்டு வெள்ளிக்கு முன்னம் அறிவிக்கச் சொன்னா.